கடல் தீட்டியவர்கள் – 9: கடற்படை பிடித்துச் சென்ற பையன்

டர்னர் தீட்டிய ட்ரஃபால்கர் போர் ஓவியம் கடற்படைக்காரர்களிடம் பட்ட பாட்டைச் சென்ற இதழில் பார்த்தோம். காலையில் ஏறிய சமிக்ஞைக் கொடி, பிற்பகலில் சாய்ந்த பாய்மரம், மாலையில் எரிந்த கப்பல் என்று வெவ்வேறு நேரத்துச் சம்பவங்களை அவர் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தார். கப்பலில் உழைத்த கண்களுக்கு அது பொறுக்கவில்லை. 1829-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அந்தப் பெரிய படத்தை அரண்மனையிலிருந்து கிரீன்விச் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1833-இல், லண்டன் பால்மால் வீதியிலிருந்த யுனைடெட் சர்வீஸ் கிளப் அதே போரை வரைய ஒருவரை அமர்த்தியது. தரைப்படை, கடற்படை மூத்த அதிகாரிகளின் சங்கம் அது. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களில் கப்பலும் படையும் நடத்தியவர்கள் கூடி உட்காரும் இடம். அவர்கள் தேர்ந்தெடுத்தவர் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ட்ரூரி லேன் நாடக அரங்கில் சீன் படுதா எழுதுவதுதான் அவருடைய முழுநேர வேலை. பெயர் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்ட். கால் நூற்றாண்டுக்கு முன் இதே கடற்படை அவரை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போய்க் கப்பலில் ஏற்றியிருந்தது.

விக்டோரியா காலத்துக் கடல் ஓவியர்களில் அலையைக் கரையில் நின்று பார்த்தவர்களே அதிகம். ஸ்டான்ஃபீல்ட் அதன் மேல் வேலை செய்தவர். அவரைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிய வேண்டும். அவர் வாழ்நாளில் அதிகம் பேர் பார்த்து வியந்த அவருடைய கடல்கள் எதுவும் இன்று இல்லை. அவை கழுவி அழிக்கப்பட்டுவிட்டன.

கதையை அவருடைய பெயரிலிருந்தே தொடங்கலாம். பல நூல்களில் 'வில்லியம் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்ட்' என்று அச்சாகியிருக்கிறது. அந்த 'வில்லியம்' பின்னாளில் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வைத்தது கிளார்க்சன் மட்டுமே. தந்தை ஜேம்ஸ் ஃபீல்ட் ஸ்டான்ஃபீல்ட் அயர்லாந்தில் பிறந்தவர், நாடக நடிகர். நடிகராவதற்கு முன் மாலுமியாக இருந்தவர். இளம் வயதில் லிவர்பூலிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன ஓர் அடிமை வணிகக் கப்பலில் வேலை பார்த்தார். அடிமைகள் பட்ட சித்திரவதையை மட்டுமல்ல, கூட வந்த மாலுமிகள் சவுக்கடியிலும் காய்ச்சலிலும் செத்து விழுந்ததையும் கண்ணால் கண்டார். அந்தப் பயணத்தில் போன மாலுமிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே ஊர் திரும்பினார்கள்.

அடிமை வணிகத்தை ஒழிக்க 1787-இல் லண்டனில் ஒரு சங்கம் உருவானது. அதற்காக ஊர் ஊராகப் போய்ச் சாட்சியங்கள் திரட்டியவர் தாமஸ் கிளார்க்சன். ஜேம்ஸ் தாம் கண்டதையெல்லாம் அவருக்கு எழுதிய கடிதங்களாக வடித்து, 1788-இல் நூலாக வெளியிட்டார். அடிமைக் கப்பலில் கூலி வேலை செய்த சாதாரண மாலுமி ஒருவர் அந்த வணிகத்துக்கு எதிராகக் கொடுத்த சாட்சியம் அது; அந்த வகையில் அதுவே முதல் நூல். மறுவருடம் அதையே ஒரு நெடுங்கவிதையாகவும் எழுதினார். 1793 டிசம்பரில் சண்டர்லாந்து துறைமுக நகரில் பிறந்த மகனுக்கு அந்தப் போராளியின் பெயரையே வைத்தார்.

தாயார் மேரியும் நடிகை. படம் வரையத் தெரிந்தவர். பிள்ளைக்கு முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பார்கள். பையனுக்கு எட்டு வயது நிறைவதற்குள் அவர் இறந்துபோனார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எடின்பரோவில், குதிரை வண்டிகளின் கதவுகளில் குலச்சின்னம் எழுதும் ஒருவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். அங்கே பையன் நிலைக்கவில்லை. 1808-இல் நிலக்கரி ஏற்றும் கப்பலில் சேர்ந்து கடலுக்குப் போய்விட்டான்.

அது நல்ல நேரமல்ல. பிரான்சோடு நடந்த போர் பதினைந்தாம் ஆண்டில் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வரை தேவைப்பட்ட காலம் அது. சம்பளம் குறைவு, அடி அதிகம், வீடு திரும்புவது எப்போது என்று தெரியாது; தாமாக வந்து சேர்ந்தவர்கள் போதவில்லை. ஆகவே சட்டமே ஆள்பிடிப்புக்கு இடம் கொடுத்தது. ஓர் அதிகாரி, தடியோடு நாலைந்து முரடர்கள், ஒரு வாரண்ட். கடல் வேலை தெரிந்தவன் எவனையும் தெருவிலிருந்தோ சாராயக்கடையிலிருந்தோ வணிகக் கப்பலின் மேல்தளத்திலிருந்தோ தூக்கிக்கொண்டு போகலாம். நியூகாசில், ஷீல்ட்ஸ் துறைகளிலிருந்து லண்டனுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களை அவர்கள் விடவே மாட்டார்கள். வடகடல் புயலில் தேறிய ஆட்கள் அந்தக் கப்பல்களில்தான் கிடைப்பார்கள். கிளார்க்சன் அகப்பட்டது அப்படித்தான். கடற்படைப் பதிவேட்டில் அவன் தந்த பெயர் ரோடரிக் பிளாண்ட்.

அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல் 'நமூர்'. தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷீர்னெஸ் அருகே நங்கூரமிட்டு நின்ற காவல் கப்பல். 1756-இல் சாத்தம் கப்பல்துறையில் கட்டப்பட்டு மூன்று போர்களைக் கண்டு கிழடு தட்டிய பிறகு, பிடித்து வந்தவர்களை அடைத்துவைத்துப் பிற கப்பல்களுக்குப் பிரித்தனுப்பும் கூடமாக மாறியிருந்தது. இந்தக் கப்பலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நமூரில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் அதிகாரி ஒருவரின் அடிமையாக வேலை பார்த்தான். அவன்தான் பின்னாளில் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கி, 1789-இல் தன் வரலாற்றை எழுதி இங்கிலாந்தை உலுக்கிய ஒலாடா எக்வியானோ. ஜேம்ஸ் ஸ்டான்ஃபீல்டின் நெடுங்கவிதை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இருவரும் ஒரே இயக்கத்துக்குச் சாட்சி சொன்னவர்கள். ஒருவர் சிறுவனாக நின்ற மேல்தளத்தில் மற்றவரின் மகன், விருப்பமில்லாமல், போய் நின்றான்.

கப்பலும் முழுதாக அழிந்துவிடவில்லை. 1833-இல் நமூரை உடைத்தார்கள். 1995-இல் சாத்தம் பழைய கப்பல்துறையில் வண்டிச்சக்கரத் தச்சர்களின் பட்டறைத் தரையைப் பெயர்த்தபோது, அடியில் வரிசையாக அடுக்கிவைத்த கப்பல் மரங்கள் தென்பட்டன. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2012-இல் அவை நமூரின் மரங்கள் என்று உறுதி செய்தார்கள். இன்று பார்வையாளர்கள் அவற்றை அந்த இடத்திலேயே போய்ப் பார்க்கலாம்.

நமூரில் பையனுக்கு ஒரு நல்லதும் நடந்தது. 1811 முதல் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் ஆஸ்டின். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி. மனைவி, பெண் குழந்தைகளோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தியவர். (இவர் பின்னாளில் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாகி, 1852-இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் காலரா கண்டு இறந்தார். கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.) ஆஸ்டினின் கப்பலில் நாடகம் போடத் தடை இல்லை. 1813 இறுதியில் அங்கே டக்ளஸ் ஜெரோல்ட் என்று பத்து வயதுப் பையன் பயிற்சி அதிகாரியாக வந்து சேர்ந்தான். ஷீர்னெஸ் நாடகக் கொட்டகையை நடத்தியவரின் மகன். அவனும் தோழர்களும் கப்பலில் நாடகம் போட, பின்னால் தொங்கவிட்ட திரையை எழுதியவர் இருபது வயது ஸ்டான்ஃபீல்ட். கிடைத்த பாய்த்துணியில், கப்பலில் இருந்த பெயிண்டைக் கொண்டு. இந்த ஜெரோல்ட் பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாடகாசிரியரானார். இந்த நட்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இது மறுபடியும் வரும்.

1814-இல் காயம் காரணமாகக் கடற்படை அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு 'வார்லி' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மாலுமியாகச் சீனா போய் வந்தார். மறுபடி கப்பலேறும் எண்ணத்தோடுதான் 1816-இல் லண்டனில் காத்திருந்தார். காத்திருந்த இடைவெளியில் கைக்குக் கிடைத்த வேலை, லண்டன் கோபுரக் கோட்டைக்குக் கிழக்கே வெல்க்ளோஸ் சதுக்கத்தில் இருந்த ராயல்டி தியேட்டரில் சீன் எழுதுவது. கப்பல் போய்விட்டது, அவர் போகவில்லை.

ராயல்டி தியேட்டர் இருந்தது மாலுமிகளின் பேட்டையில். துறைமுகத்தில் சம்பளம் வாங்கிய கையோடு கொட்டகைக்கு வருகிற கூட்டம். திரையில் ஒரு கப்பலின் கயிறு தவறான இடத்தில் கட்டியிருந்தால் காலரியிலிருந்து சத்தம் கிளம்பிவிடும். ஓவியப் பள்ளி எதிலும் படிக்காத ஸ்டான்ஃபீல்டுக்கு வாய்த்த முதல் விமரிசகர்கள் இவர்கள். இதைவிடக் கடுமையான பயிற்சி ராயல் அகாடமியில்கூடக் கிடைத்திருக்காது என்பேன்.

பிறகு எடின்பரோவில் சீன் எழுதும் வேலை செய்தபோது ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் பழக்கமானார். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பிற்காலத்தில் எகிப்தையும் பாலஸ்தீனத்தையும் வரைந்து உலகப் புகழ் பெற்றவர். இருவரும் லண்டனில் கோபர்க் தியேட்டரிலும், பிறகு ட்ரூரி லேனிலும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1834 வரை ட்ரூரி லேன்தான் ஸ்டான்ஃபீல்டின் பட்டறை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எண்ணெய் வண்ணம் மேடைக்கு ஆகாது. பளபளக்கும், காய நாளாகும், துணி கனத்துப்போகும். ஆகவே சாயப்பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைப்பார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அடுப்பில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆறினால் கட்டிவிடும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்த பிறகு இன்னொரு நிறம், அதுவும் பல படி வெளுத்துப்போகும். எழுதுகிறவன் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. நாளை வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்து எழுத வேண்டும். அதோடு, ட்ரூரி லேனில் 1817 முதல் எரிவாயு விளக்குகள் வந்துவிட்டன. சாளரத்தின் பகல் வெளிச்சத்தில் எழுதிய கடல், இரவு மஞ்சள் சுடரில் எப்படித் தெரியும் என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். முப்பது நாற்பது அடி அகலத் துணியை உயரமான சட்டத்தில் நிறுத்தி, துடைப்பம் அளவுத் தூரிகையால், எழுபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்காக எழுதுவார்கள். அலை நுரையின் ஒரு வெள்ளைக் கோடு, கிட்டே போனால் கை அகலம் இருக்கும்.

இதில் ஸ்டான்ஃபீல்டின் பேர் சொன்னது நகரும் காட்சித் திரை. நூற்றுக்கணக்கான அடி நீளமான துணியில் தொடர்ச்சியாக ஒரு கடற்கரையை எழுதி, மேடையின் இரு ஓரத்திலும் நிறுத்திய உருளைகளில் சுற்றிவிடுவார்கள். ஒரு உருளையிலிருந்து அவிழ்ந்து மற்றதில் சுற்றிக்கொண்டே போகும்போது, பார்க்கிறவன் கப்பலில் உட்கார்ந்து கரையைக் கடந்து போவதுபோல இருக்கும். முன்னால் பலகையில் வெட்டிய அலைகள் ஆடும். மெல்லிய வலைத்துணிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கூட்டிக் குறைத்து விடியலும் புயலும் வரவழைப்பார்கள். 1823 கிறிஸ்துமஸ் பாண்டமைமில் அவர் எழுதியது பிளிமத் துறையின் அலைதடுப்புச் சுவர். அப்போதுதான் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்த சுவர் அது. குழந்தைகளின் கோமாளிக் கூத்துக்கு நடுவே ஒரு பொறியியல் வேலையைப் பார்க்க லண்டன் திரண்டது. இரண்டு மாதங்களுக்கு முன் அதே மேடையில் 'கங்கை நீர்வீழ்ச்சி' என்ற நாடகம். நிஜக் குதிரைகள், நிஜத் தண்ணீர்! கங்கைக்கு அப்படியொரு அருவி உண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஸ்டான்ஃபீல்ட் குழுவின் காட்சிகளுக்காகவே கூட்டம் வந்தது.

பாண்டமைமின் பருவம் முடிந்ததும் என்ன நடக்கும்? துணி விலை உள்ள பொருள். வஜ்ஜிர வண்ணம் தண்ணீரில் கரையும். கழுவுவார்கள், இல்லையேல் மேலே வெள்ளை அடிப்பார்கள். அடுத்த வருடக் காட்சி அதன் மேல் ஏறும். ராயல் அகாடமி கண்காட்சியில் சில ஆயிரம் பேர் பார்த்த ஓவியங்கள் இன்று காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இரவுக்கு இரவு ஆயிரக்கணக்கானோர் பார்த்த, கண்காட்சிகளுக்கே போயிராத தையல்காரனும் வண்டிக்காரனும் வாய் பிளந்து பார்த்த ஓவியங்கள் ஒன்றுகூட இல்லை. ஸ்டான்ஃபீல்டின் கலையை இன்று மதிப்பிடுகிறவர்கள் பாதிச் சான்றை வைத்துக்கொண்டுதான் மதிப்பிடுகிறார்கள்.

மேடைக்கு வெளியேயும் அவர் சும்மா இருக்கவில்லை. 1823-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கலைஞர் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். 1829-இல் அதற்குத் தலைவர். 1830-இல் அரியணை ஏறிய நான்காம் வில்லியம் மன்னர் இளமையில் கடற்படையில் இருந்தவர், 'மாலுமி ராஜா' என்று பெயரெடுத்தவர். அவர் ஸ்டான்ஃபீல்டிடம் போர்ட்ஸ்மத் துறைமுகத்தையும், 1831 ஆகஸ்டில் தாமே திறந்துவைத்த புதிய லண்டன் பாலத்தின் திறப்பு விழாவையும் வரையச் சொன்னார். 1832-இல் ராயல் அகாடமியின் இணை உறுப்பினர், 1835-இல் முழு உறுப்பினர். லான்ஸ்டவுன் பிரபு தம் பவுட் மாளிகையின் விருந்துக் கூடத்துக்கு வெனிஸ் காட்சிகள் பத்து எழுதித் தரச் சொன்னார். இந்த வெனிஸ் படங்கள் எனக்கு அவ்வளவு ஈடுபாடு தருவதில்லை; அழகானவை, ஆனால் கூடத்தின் சுவருக்கு அளவெடுத்த அழகு.

ட்ரஃபால்கருக்கு வருவோம். 1836-இல் அகாடமியில் அது காட்சிக்கு வந்தது. டர்னர் நாள் முழுவதையும் ஒரே படத்தில் சொல்ல முயன்றார் அல்லவா; ஸ்டான்ஃபீல்ட் ஒரே ஒரு கணத்தை எடுத்துக்கொண்டார். 1805 அக்டோபர் 21, பிற்பகல் இரண்டரை மணி. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் குண்டடி பட்டுக் கீழ்த்தளத்தில் கிடக்கிறார். படத்தில் அவர் இல்லை. அவருடைய கப்பல் 'விக்டரி', பிரெஞ்சுக் கப்பல் 'ரெடூட்டபிள்' பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரெஞ்சுக் கப்பலின் மறுபக்கத்தை 'டெமரேர்' கட்டிப் பிடித்திருக்கிறது. எந்தக் கப்பல் எங்கே நின்றது, எதன் பாய்மரம் அதற்குள் விழுந்திருந்தது என்பதையெல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறார். முன்னால் உடைந்த மரங்களைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் மனிதர்கள் தத்தளிக்கிறார்கள்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது தண்ணீர். ட்ரஃபால்கர் அன்று காற்று மிகக் குறைவு. ஆனால் வரப்போகும் புயலின் முன்னறிவிப்பாக மேற்கிலிருந்து நீண்ட, கனத்த அலை எழும்பி வந்துகொண்டிருந்தது. காற்றில்லாமல் அலை மட்டும் வரும் கடலில் கப்பல் முன்னே போகாது, கிடந்த இடத்திலேயே உருளும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, உருளும் மேல்தளத்தில் நின்று காலால் தெரிந்துகொள்வது வேறு. டர்னரின் படம் பெரிய கலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிளப் அதிகாரிகள் கேட்டது அந்தக் கடலை. அவர்களுக்கு அது கிடைத்தது. அந்தப் படத்துக்கான முன்வரைவு ஒன்று லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டே கேப்டன் மேரியட்டின் கடற்கொள்ளைக் கதை நூலுக்கு அவர் வரைந்த படங்களும் வெளிவந்தன. மேரியட் கடற்படையில் கப்பல் நடத்திவிட்டு நாவல் எழுத வந்தவர். எழுதியவரும் கடல்காரர், வரைந்தவரும் கடல்காரர். எந்த வாசகனும் பாயில் குறை கண்டுபிடிக்க முடியாத நூல் அது.

1834-இல் ட்ரூரி லேனை விட்டு விலகிய பிறகும் மேடை அவரை விடவில்லை. நண்பர்களுக்காக மட்டும் திரும்பிப் போனார். நடிகர் மக்ரெடி 1839-இல் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யை அரங்கேற்றியபோது, சவுத்தாம்ப்டனிலிருந்து படகுப் படை கிளம்பிப் பிரெஞ்சுக் கரை சேர்வதை நகரும் திரையில் காட்டினார். ஹார்ஃப்ளூர் கோட்டை முற்றுகை திரையில் ஓவியமாகத் தொடங்கி, அப்படியே கரைந்து, உயிருள்ள நடிகர்கள் சண்டையிடும் காட்சியாக மாறும். சினிமா வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய சங்கதி இது.

நண்பர்களில் முதல்வர் சார்லஸ் டிக்கன்ஸ். 1842 இலையுதிர் காலத்தில் டிக்கன்ஸ், எழுத்தாளர் ஃபார்ஸ்டர், ஓவியர் மக்லீஸ், ஸ்டான்ஃபீல்ட் நால்வரும் குதிரை வண்டியில் கார்ன்வால் முழுக்கச் சுற்றினார்கள். அங்கே லோகன் பாறையை ஸ்டான்ஃபீல்ட் வரைந்த சித்திரம், ஃபார்ஸ்டரின் சேகரிப்போடு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் நூல்களுக்குப் படம் வரைந்தார். ஒரே ஒரு முறை மறுத்தார். 1846-இல் டிக்கன்ஸின் இத்தாலிப் பயண நூல் கத்தோலிக்க மதத்தைக் கடுமையாகப் பேசியது; கத்தோலிக்கரான ஸ்டான்ஃபீல்ட் அதற்கு வரைய மனமில்லை என்று விலகிக்கொண்டார். சாமுவேல் பாமர் வரைந்து கொடுத்தார். நட்புக்கு ஒரு கீறலும் விழவில்லை. 1857-இல் 'லிட்டில் டாரிட்' நாவலை டிக்கன்ஸ் ஸ்டான்ஃபீல்டுக்கே சமர்ப்பித்தார்.

1855-இல் டிக்கன்ஸ் தம் டாவிஸ்டாக் இல்லத்தில் பிள்ளைகள் படிக்கும் அறையையே மேடையாக்கி, வில்கி காலின்ஸின் 'கலங்கரை விளக்கம்' நாடகத்தைப் போட்டார். அறுபதைத் தாண்டி, உடல் நலம் கெட்டிருந்த ஸ்டான்ஃபீல்ட் வந்து சேர்ந்தார். வஜ்ஜிரப் பசை கொதிக்கும் வாடை வீட்டின் கீழ்ப்பகுதி முழுக்கப் பரவியது. எட்டிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைப் புயல் மோதும் முன்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1857 ஜனவரியில் அதே அறையில் 'உறைந்த ஆழம்'. வடதுருவப் பனியில் அகப்பட்ட கப்பல்காரர்களின் கதை. அதற்கும் பனிக்கடல் திரைகள் அவருடையவை.

அந்த ஜூன் மாதம் டக்ளஸ் ஜெரோல்ட் இறந்துபோனார். நமூரின் நாடகத்தில் நடித்த அதே பையன். குடும்பத்துக்கு நிதி திரட்ட டிக்கன்ஸ் 'உறைந்த ஆழ'த்தை லண்டனிலும் மான்செஸ்டரிலும் பொதுமேடை ஏற்றினார். ஜூலையில் விக்டோரியா ராணி குடும்பத்தோடு வந்து தனிக் காட்சியாகப் பார்த்தார். ஷீர்னெஸ் துறையில் பாய்த்துணியில் ஜெரோல்டுக்குத் திரை எழுதியவரின் பனிக்கடல் திரைகள், ஜெரோல்ட் போன பிறகு அவர் குடும்பத்துக்காக மறுபடி மேடையேற, முன்னால் ராணி உட்கார்ந்திருந்தார்.

கடைசி இருபது ஆண்டுகளில் ஸ்டான்ஃபீல்டின் படங்களை வாங்கியவர்கள் பிரபுக்கள் மட்டுமல்ல. ரயில் பாதை போட்டவர்களும்தான். பாலங்கள் கட்டிய ராபர்ட் ஸ்டீவன்சனுக்காக எழுதியது 'டில்பரி கோட்டை: ஓதத்துக்கு எதிர்க் காற்று'. தேம்ஸில் நீர் வடிந்து கடலுக்கு இறங்கும்போது காற்று கடலிலிருந்து எதிரே அடித்தால், அலை நீளமாக உருளாது. குட்டையாக, செங்குத்தாக எழும்பி உடையும். படகுக்காரனை அலைக்கழிக்கும் அந்தக் குறுகிய அலையை அவர் சிறுவயதில் நிலக்கரிக் கப்பலிலிருந்தே பார்த்திருப்பார். ரயில் ஒப்பந்தக்காரர் மோர்டன் பீட்டோவுக்காக 1853-இல் எழுதியது, நெல்சனின் உடலோடு 'விக்டரி' ஜிப்ரால்டருக்கு இழுத்துவரப்படும் காட்சி. உடைந்த பாய்மரங்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக நட்ட கம்புகள், அரைக்கம்பத்தில் கொடி, இழுத்துவரும் 'நெப்டியூன்'. வெற்றிக் கப்பல் தானாக நகர முடியாமல் வருகிறது.

கலை விமரிசகர் ஜான் ரஸ்கின் தம் 'நவீன ஓவியர்கள்' நூலில் ஸ்டான்ஃபீல்டை ஆங்கில எதார்த்தவாதிகளின் தலைவர் என்றே புகழ்ந்தார். குறையும் சொன்னார்: எல்லாம் சரியாக இருக்கிறது, அதனாலேயே நெஞ்சு நடுங்குவதில்லை என்று. இது பாதி உண்மை. இரவுக்கு இரவு கூட்டத்தை மகிழ்வித்த கை, பார்வையாளனைத் தொல்லைப்படுத்தத் தயங்கியது. பல படங்களில் வானம் ஒரு நாடகத் திரைபோல ஒழுங்காக விரிவதை யாரும் காணலாம். ஆனால் 1856-இல் காட்சிக்கு வந்த 'கைவிடப்பட்டது' அந்தக் குற்றச்சாட்டுக்கு அடங்காது. பாய்மரம் இல்லை, மனிதர் இல்லை. வெறும் கப்பல் உடல் ஒன்று நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் சொல்வதில்லை. அப்படியொரு கப்பலுடலில் பதின்ம வயதைக் கழித்தவர் எழுதிய படம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், ரஸ்கின் அவசரப்பட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

1867 மே 18 அன்று ஹாம்ப்ஸ்டெட்டில் ஸ்டான்ஃபீல்ட் இறந்தார். அதற்கு முன், படுக்கையிலிருந்து அவர் டிக்கன்ஸிடம் கேட்டுக்கொண்டது ஒன்று: 'பஞ்ச்' இதழின் ஆசிரியர் மார்க் லெமனோடு சமாதானமாகிவிட வேண்டும். 1858-இல் டிக்கன்ஸ் மனைவியைப் பிரிந்த விவகாரத்தில் இருவரும் முறைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தவர்கள். கென்சல் கிரீன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஸ்டான்ஃபீல்டை அடக்கம் செய்த அன்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். டிக்கன்ஸ் தம் வார இதழில் நண்பருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து டிக்கன்ஸும் போனார். 1870-இல் அவருடைய ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தபோது, 'கலங்கரை விளக்கம்' நாடகத்துக்காக இரண்டு நாள் வேலையில் எழுதிய அந்த முன்திரை ஏறத்தாழ ஆயிரம் கினிக்குப் போயிற்று. ட்ரூரி லேன் கழுவித் தள்ளிய ஆயிரக்கணக்கான கஜங்களின் கையும் இதே கைதான். ஒருவர் அதைக் கழுவாமல் வீட்டில் மாட்டிவைத்ததால், அது பிழைத்தது. அதே ஆண்டுக் குளிர்காலக் கண்காட்சியில் ராயல் அகாடமி பழைய மேதைகளின் படங்களோடு ஸ்டான்ஃபீல்டின் படங்களையும் திரட்டி வைத்தது.

அதற்குள் தேம்ஸில் பாய்மரங்களுக்கு நடுவே புகைபோக்கிகள் பெருகிவிட்டன. நிலக்கரி இறக்கும் தொழிலாளர்களையும் சேற்றுநிறத் தண்ணீரையும் நீராவிக் கப்பல்களையும் 1883-இல் ஒரே படத்தில் எழுதிய வில்லியம் லயனல் வைலியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)